என்விடிஏ, ரீப்பர் வைத்து வீட்டிலேயே பாட்டுப் பதிவும் வெளியீடும்: திரையைப் பார்க்காமல் செய்ய வழி?

தம்புரா_திருச்சி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பார்வையற்ற வாய்ப்பாட்டுக்காரன் நான். விண்டோஸ் 11 மடிக்கணினி, என்விடிஏ திரைவாசிப்பான், இரண்டு மைக் செருகும் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், ஒரு டைனமிக் மைக், கம்பியுள்ள ஹெட்ஃபோன் இருக்கின்றன. ஒலிப்பதிவு மென்பொருளான ரீப்பரையும், அதைத் திரைவாசிப்பானோடு பேச வைக்கும் ஓசாராவையும் நிறுவியாகிவிட்டது. வயலின், மிருதங்கத்தோடு எட்டு கிருதிகள் பதிவு செய்து ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக்கில் வெளியிட வேண்டும். எடிட்டிங்கையும் பதிவேற்றத்தையும் இன்னொருவர் கையில் கொடுக்காமல் நானே செய்ய விரும்புகிறேன்.

தெரிய வேண்டியவை இவை. ரீப்பர் திறந்ததும் என்விடிஏ பேச்சு சில நேரம் நின்றுவிடுகிறது; பேசும்போது பதிவிலும் விழுகிறது. மீட்டரைப் பார்க்காமல் லெவல் எப்படி வைப்பது? தவறிய இடத்தை மட்டும் எப்படித் திரும்பப் பாடிச் சேர்ப்பது? அட்டைப்படம், படிவங்கள், உரிமை விஷயங்களில் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

---

ஓசைப்பட்டறை பதில்:

வணக்கம் சார். முதலில் பேச்சையும் இசையையும் வெவ்வேறு சவுண்ட் கார்டுக்குப் பிரித்துவிடுங்கள். இது சரியாகும்வரை மற்ற எதையும் தொட வேண்டாம், ஏனென்றால் பாதிச் சிக்கல் இங்கிருந்துதான் வருகிறது.

என்விடிஏ விசையோடு கன்ட்ரோல்+யூ அழுத்தினால் ஆடியோ அமைப்புகள் வரும். அங்கே அவுட்புட் டிவைஸ் என்ற இடத்தில் மடிக்கணினியின் சொந்த சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸின் இயல்பு ஒலிச் சாதனத்தையும் அதற்கே மாற்றுங்கள். பிறகு ரீப்பரில் கன்ட்ரோல்+பி (P), ஆடியோ பிரிவில் டிவைஸ், அதில் ஏசியோ (இன்டர்ஃபேஸோடு நேரடியாகப் பேசும் டிரைவர் முறை). உங்கள் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஏசியோ டிரைவரையே போடுங்கள். சாம்பிள் ரேட் 44100 அல்லது 48000, பிளாக் சைஸ் 128 அல்லது 256.

பேச்சு ஏன் நிற்கிறது என்றால், ரீப்பர் ஏசியோ வழியாக இன்டர்ஃபேஸைப் பிடித்து 48000-இல் ஓட்டும்போது விண்டோஸ் அதே சாதனத்தை 44100-இல் கேட்டுக்கொண்டிருக்கும். பல டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு ரேட்டுக்குத்தான் இடம் கொடுக்கும், அதனால் பின்னால் வந்தவருக்குச் சத்தம் இருக்காது. இரண்டு கார்டாகப் பிரித்துவிட்டால் இந்தப் போட்டியே வராது.

இனி பேச்சு பதிவில் விழுவது. இதற்கு இரண்டு வழிதான் இருக்கிறது. ஒன்று, மடிக்கணினி ஸ்பீக்கரிலிருந்து வரும் குரலைக் கண்டென்சர் மைக் நேராகப் பிடிப்பது. இன்னொன்று, சில இன்டர்ஃபேஸ்களில் உள்ள லூப்பேக் சேனலை (கணினியின் ஒலியையே திரும்பப் பதிவுக்கு அனுப்புவது) டிராக்கின் உள்ளீடாகத் தவறித் தேர்ந்தெடுத்திருப்பது. மடிக்கணினி ஜாக்கில் ஒற்றை இயர்பட் செருகி ஒரு காதில் வைத்து, அதன்மேல் மூடிய வகை ஹெட்ஃபோன் போட்டால் முதல் வழி அடைபடும். புளூடூத் இயர்பட் வேண்டாம். பேச்சு தாமதமாக வரும், சும்மா இருந்துவிட்டுப் பேசும்போது முதல் அசையை விழுங்கும். "மியூட்" என்றதா "அன்மியூட்" என்றதா என்று தெரியாமல் போகும் இடம் அதுதான். சிவரஞ்சனி போல மெல்லப் பாடும் இடங்களில் இயர்பட் கசிவுகூடக் கேட்கும் என்றால் என்விடிஏ+எஸ் அழுத்திப் பேச்சை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். எல்லா விசையும் வழக்கம்போல் வேலை செய்யும்.

ஓசாரா நிறுவும்போது அதன் கீ மேப்பையும் போடவா என்று கேட்டிருக்கும். போடவில்லை என்றால் திரும்ப நிறுவிப் போட்டுக்கொள்ளுங்கள், நான் சொல்லும் விசைகள் அந்த மேப்புக்கு உரியவை. எஃப்12 அழுத்தினால் விசை உதவி வரும். எந்த விசையை அழுத்தினாலும் செய்யாமல், என்ன செய்யும் என்று மட்டும் சொல்லும். மறுபடி எஃப்12 அழுத்தினால் பழைய நிலை. புது விசை ஒன்றைக் கேள்விப்பட்டால் அங்கே போட்டுப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். எஃப்4 அழுத்தினால் செயல் பட்டியல் வரும், பெயரைத் தட்டித் தேடலாம்.

பதிவுக்கு முன் ஆல்ட்+என்டரில் புராஜெக்ட் அமைப்பைத் திறந்து தாளத்தைச் சொல்லுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆதி தாளத்துக்கு டைம் சிக்னேச்சர் 8/4, மிஸ்ர சாபுக்கு 7/8, கண்ட சாபுக்கு 5/8. கிளிக்கோடு பதிவு செய்தால் ஒரு பார் என்பது ஒரு ஆவர்த்தனம். பேஜ் டவுன் அழுத்தினால் அடுத்த ஆவர்த்தனத்தின் சமத்தில் போய் நிற்பீர்கள், கன்ட்ரோலும் சேர்த்தால் அடுத்த அட்சரம். கண்ணால் அலைவடிவம் பார்த்து இடம் தேடுகிறவரைவிட இதில் வேகமாகப் போகலாம். கிளிக் இல்லாமல் பாடினால் இந்தக் கணக்கு ஒத்துவராது. அப்போது பாடும்போதே எம் விசையைத் தட்டிப் பல்லவி, அனுபல்லவி, சரணம் ஒவ்வொன்றின் எடுப்பிலும் மார்க்கர் போடச் சொல்லி ஒருவரை உட்கார வைக்கலாம், அல்லது பிறகு கேட்டு நீங்களே போடலாம்.

லெவல்: ஆல்ட்+டபிள்யூ அழுத்தினால் பீக் வாட்ச்சர் திறக்கும். அதில் உங்கள் குரல் டிராக்கைத் தேர்ந்தெடுத்து, உச்ச அளவைப் பிடித்து வைத்திருக்கச் சொல்லுங்கள், மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டினால் தானே அறிவிக்கச் சொல்லுங்கள். ஆல்ட்+எஃப்9 முதல் சேனலின் அளவை எண்ணாகச் சொல்லும், ஆல்ட்+எஃப்10 இரண்டாம் சேனலை. ஆல்ட்+எஃப்8 பழைய உச்சத்தை அழிக்கும். சோதனைக்கு மெல்லிய பல்லவியைப் பாடாதீர்கள். அந்தப் பாட்டின் அனுபல்லவியில் தார ஸ்தாயிக்குப் போகும் கடைசிச் சங்கதியை முழுக்குரலில் பாடுங்கள். உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 10-க்கும் நடுவில் நின்றால் போதும். 24 பிட்டில் பதிவு செய்யும்போது இதைவிடச் சத்தமாக வைக்க வேண்டிய அவசியமே இல்லை. கச்சேரி சூட்டில் குரல் சோதனையைவிட இன்னும் ஏறும், அதற்கும் இடம் வேண்டும்.

இன்டர்ஃபேஸின் கெயின் குமிழ் இரண்டு முனையிலும் முட்டி நிற்கும் வகை என்றால் அதில் ஒரு ஒட்டுப்புள்ளி வைத்துக்கொண்டால் கைக்கு அளவு தெரியும். முடிவில்லாமல் சுற்றும் வகை என்றால் கையால் எதுவும் தெரியாது, பீக் வாட்ச்சர் எண்ணை மட்டும் நம்புங்கள். 48 வோல்ட் ஸ்விட்ச்சை அழுத்துமுன் ஹெட்ஃபோன் ஒலியைக் குறைத்துவிடுங்கள், பலமாக ஒரு டப் சத்தம் வரும். சரியாக வயரிங் செய்த டைனமிக் மைக்குக்கு 48 வோல்ட்டால் கெடுதல் இல்லை.

பதிவு: கன்ட்ரோல்+எஸ் கொடுத்துப் புராஜெக்டைத் தனி ஃபோல்டரில் சேமியுங்கள், பிறகுதான் பதிவு. சேமிக்காமல் ஆரம்பித்தால் ஒலிக்கோப்புகள் வேறெங்கோ போய்க் கிடக்கும். கன்ட்ரோல்+டி புது டிராக், பெயர் தட்டி என்டர். மேல்-கீழ் அம்பு டிராக் மாற்றும். எஃப்7 பதிவுக்குத் தயார், எஃப்8 மானிட்டர், எஃப்5 மியூட், எஃப்6 சோலோ. உள்ளீடு ஒன்றா இரண்டா என்பதை டிராக்கின் சூழல் பட்டியலில் பாருங்கள். கன்ட்ரோல்+ஆர் பதிவு, ஸ்பேஸ் நிறுத்தம். நிறுத்தியதும் கோப்பைச் சேமிக்கவா என்று ஒரு பெட்டி வரும். பேச்சை நிறுத்தி வைத்திருந்தால் அது வந்ததே தெரியாது, மறக்காமல் என்டர் தட்டுங்கள். இன்டர்ஃபேஸிலேயே டைரக்ட் மானிட்டர் போட்டிருந்தால் எஃப்8-ஐ ஆஃப் செய்யுங்கள். இரண்டும் இருந்தால் உங்கள் குரல் இரட்டையாகக் கேட்கும், சுருதி சேர்வது கடினம்.

தவறிய இடம்: இடது சதுர அடைப்புக்குறி விசை தொடக்கம், வலது சதுர அடைப்புக்குறி விசை முடிவு. அந்தப் பகுதியைத் தேர்ந்துகொண்டு, பதிவு முறையை டைம் செலக்ஷன் ஆட்டோ பஞ்ச் என்று மாற்றுங்கள். மெட்ரோனோம் அமைப்பில் பதிவுக்கு முன் 2 பார் ப்ரீ-ரோல் போட்டால் இரண்டு ஆவர்த்தனம் பழைய பாட்டைக் கேட்டுக்கொண்டே வந்து உள்ளே நுழையலாம். எங்கே வெட்டுவது என்பதில்தான் இசை அறிவு வேண்டும். கமகத்தின் நடுவில் வெட்டினால் எவ்வளவு கிராஸ்ஃபேட் (ஒன்று தேய மற்றது எழும் ஒட்டு) போட்டாலும் தெரியும். சாகித்யத்தில் வல்லின எழுத்து தொடங்கும் இடம், மூச்சு எடுக்கும் இடம், மிருதங்கத்தின் பலமான சொல் விழும் சமம், இந்த மூன்றில் ஒன்றைத் தேடுங்கள்.

இன்னொன்று, தம்புரா. அதைப் பாடும் அறையில் ஸ்பீக்கரில் ஓட விடாதீர்கள். குரல் மைக்கில் தம்புரா கசிந்துவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் அதன் மீட்டு தடுக்கும், ஒட்டு மறையவே மறையாது. ஹெட்ஃபோனில் மட்டும் கேளுங்கள், கடைசியில் தனி டிராக்காகச் சேருங்கள். கட்டையோடு ஹெர்ட்ஸையும் புராஜெக்ட் குறிப்பில் எழுதி வையுங்கள். ஏ 440 கணக்கில் 1 கட்டை கீழ் சட்ஜம் 130.81, 5 கட்டை என்றால் 196. பாடும்போது கேட்ட செயலி 440-இலும் பின்னால் சேர்த்த தம்புரா 442-இலும் இருந்தால் எட்டுப் பாட்டும் அலையடிக்கும்.

---

வடமராட்சி_வயலின் பதில்:

வணக்கம் ஐயா. மேலே சொன்னதோட மைக் விசயம் கொஞ்சம் சேர்க்கிறன்.

இரண்டு உள்ளீடு மட்டும் இருக்கேக்க மூன்று பேரையும் ஒரே நேரத்தில ஒரே அறையில பதிஞ்சால் பிறகு ஒண்டையும் பிரிக்கேலாது. குரல் மைக்குக்குள்ள மிருதங்கம் நல்லா இறங்கும், குரலைத் திருத்தப் போனால் தனி ஆவர்த்தனமும் சேர்ந்து வெட்டுப்படும். ராகம், நிரவல், கற்பனாஸ்வரம் இருக்கிற உருப்படிகளுக்குச் சேர்ந்து வாசிச்சால்தான் உயிர் இருக்கும், அதுக்கு நாலு உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸ் ஒண்டை வாடகைக்கு எண்டாலும் எடுங்கோ. கிருதி மட்டும் எண்டால் குரலும் வயலினும் முதல்ல, மிருதங்கம் பிறகு. மிருதங்கத்துக்கு ரெண்டு மைக்கும் குடுக்கலாம், வலந்தலைக்குக் கண்டென்சர், தொப்பிக்கு டைனமிக். குரலுக்குக் கண்டென்சரை 20 முதல் 30 சென்ரிமீற்றர் தள்ளி, வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் பக்கமா வையுங்கோ. விரிச்ச கை ஒரு சாண் எண்ட கணக்கு நல்லாப் பொருந்தும், ஒவ்வொரு நாளும் அதே தூரம் கிடைக்கும். வயலினுக்கு மேலேயிருந்து அரை மீற்றர். கிட்டக் கொண்டுபோனால் வில் உராயுற சத்தம்தான் முன்னுக்கு நிற்கும். மின்விசிறி நிப்பாட்டுங்கோ, தொலைபேசியை விமானப் பயன்முறையில போடுங்கோ.

ஈக்யூ போடேக்க ஒரு எச்சரிக்கை. ஆண் குரலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டலாம், பெண் குரலுக்கு 120 வரைக்கும் போகலாம். அதே வெட்டை மிருதங்க ட்ராக்குக்கும் போட்டிடாதேங்கோ, தொப்பியின்ர கும்கி செத்துப்போம்.

செருகுநிரல் தெரிவில ரீப்பரோட வாற ரீஈக்யூ, ரீகாம்ப் போதும். ட்ராக்கில நிண்டு பி (P) அழுத்தினால் எல்லா அளவுருக்களும் எழுத்துப் பட்டியலா வரும், அதில எண்ணை நேரடியாக அடிக்கலாம். விலை குடுத்து வாங்குறதுகளில கனக்கப் பேர் முழுத்திரையையும் படமா வரைஞ்சு வைச்சிருக்கினம். அதுகளின்ர அளவுருவும் பி பட்டியலில வரும், ஆனால் ப்ரீசெட் தேர்வும் உரிமம் செயற்படுத்துற திரையும் வாசிக்காது. என்விடிஏ+ஆர் அடிச்சால் விண்டோஸ் எழுத்துணரி திரையில இருக்கிற ஆங்கில எழுத்தை வாசிக்கும், அவசரத்துக்கு உதவும். காசு குடுக்க முன்னம் சோதனைப் பதிப்பைப் போட்டுப் பாருங்கோ. சிந்தசைசர் தேவைப்பட்டால் சர்ஜ் எக்ஸ்டி இலவசம், திரைவாசிப்பானுக்கு எண்டே வேலை செய்திருக்கினம்.

மாக் வைச்சிருக்கிற ஆரும் இதை வாசிச்சால்: ஓசாரா மாக்கிலும் ஓடும். பேச்சைப் பிரிக்கிற அமைப்பு, மாக்கின்ர திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவரின்ர யூட்டிலிட்டியில சவுண்ட் பிரிவில இருக்கு. ரீப்பருக்குள்ள குவிக் நேவ்-ஐ நிப்பாட்டி வையுங்கோ, இல்லாட்டி அம்பு விசைகள் ரீப்பருக்குப் போகாது. லாஜிக் புரோவும் வாய்ஸ்ஓவரோட நல்லா ஓடும். ஐபோனில வாய்ஸ் மெமோஸில வெள்ளோட்டம் பதியிறதெண்டால் அமைப்புகளில ஒலித் தரத்தை லாஸ்லெஸ் எண்டு மாத்துங்கோ, இயல்பா இருக்கிறது சுருக்கின கோப்பு.

---

ஏழுசுரம் பதில்:

வணக்கம் சார். வெளியீட்டுப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

முதலில் கோப்பு. எட்டுப் பாட்டும் ஒரே புராஜெக்டில் இருந்தால் ஒவ்வொன்றையும் டைம் செலக்ஷன் செய்து ஷிஃப்ட்+ஆர் கொடுத்து ரீஜனாக்கிப் பெயர் வையுங்கள். கன்ட்ரோல்+ஆல்ட்+ஆர் ரெண்டர் பெட்டி. எல்லையில் புராஜெக்ட் ரீஜன்ஸ், வடிவம் வேவ், 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். எட்டுக் கோப்பும் ஒரே ஓட்டத்தில் வந்துவிடும்.

சத்த அளவுக்கு, ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் மைனஸ் 14 லஃப்ஸை (காதுக்குத் தெரியும் சராசரிச் சத்த அளவு) ஒட்டிச் சமன் செய்கின்றன, ஆப்பிள் மியூசிக் மைனஸ் 16. இதைவிடச் சத்தமாக மாஸ்டர் செய்து அனுப்பினால் அவர்கள் குறைத்துவிடுவார்கள். உங்களுக்கு மிஞ்சுவது நசுங்கிய ஒலி மட்டும். கர்நாடக இசையில் ஆலாபனையின் மெல்லிய இழைக்கும் மிருதங்கத்தின் உச்சத்துக்கும் உள்ள தூரம்தான் அழகு, அதை லிமிட்டரால் சுருக்கக் கூடாது. மைனஸ் 16, ட்ரூ பீக் மைனஸ் 1 என்று வைத்தால் போதும். ரெண்டர் பெட்டியில் நார்மலைஸ் பகுதியில் இரண்டையும் எண்ணாகத் தட்டலாம். ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகச் சமன் செய்தால் ஒரு அமைதியான விருத்தமும் ஒரு துரிதத் தில்லானாவும் ஒரே சத்தத்தில் வரும். ஆல்பம் முழுவதற்கும் ஒரே கெயின் என்ற தேர்வை எடுங்கள்.

அடுத்து உரிமை. இந்தியச் சட்டப்படி படைத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு வரை காப்புரிமை இருக்கும். தியாகராஜர் 1847, தீட்சிதர் 1835, சியாமா சாஸ்திரி 1827, அருணாசலக் கவிராயர் 1779, இவர்கள் பாட்டுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். பாரதியார் பாடல் வரிகளும் பொதுவுடைமை. ஆனால் பாபநாசம் சிவன் மறைந்தது 1973, அவர் கிருதிகளுக்கு 2033 முடியும்வரை உரிமை உண்டு.  மேடையில் எல்லோரும் பாடுகிறார்கள் என்பதால் இவை பொதுச்சொத்து என்று நினைத்துவிடக் கூடாது. வரியும் வர்ணமெட்டும் தனித்தனி உரிமை என்பதையும் கவனியுங்கள். பாரதியார் வரியைப் பிற்காலத்தவர் ஒருவர் போட்ட மெட்டில் பாடினால் மெட்டுக்கு அனுமதி வேண்டும். சில விநியோகத் தளங்கள் (உங்கள் பாட்டை ஸ்பாட்டிஃபை போன்றவற்றுக்கு அனுப்புபவை) கூடுதல் கட்டணத்தில் கவர் உரிமம், அதாவது பிறர் பாட்டைப் பாடி வெளியிட அனுமதி, எடுத்துத் தருவதாகச் சொல்லும். அது முக்கியமாக அமெரிக்க முறைக்கானது, சிவன் கிருதிக்கு அதை நம்பி இருக்க வேண்டாம்.

வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு. ஒரே தொகையா, பங்கா, எத்தனை சதவீதம், எந்தெந்தத் தளம் என்று எழுதி மின்னஞ்சலில் அனுப்பி, அவர்கள் சம்மதம் பதிலாக வந்த பிறகு வெளியிடுங்கள். மின்னஞ்சல் என்றால் மறுபடி நீங்களே வாசித்துப் பார்த்துக்கொள்ளலாம். கையெழுத்திட்ட தாள் என்றால் அதை வாசிக்க இன்னொருவர் தேவை.

யூடியூப் கன்டென்ட் ஐடிக்கு (ஒலியை ஒப்பிட்டு உரிமைக்கோரிக்கை எழுப்பும் முறை) ஒரு சொல். செயலியிலிருந்து எடுத்த தம்புரா ஒலியோ, உரிமக் கட்டணமில்லா லூப்போ பாட்டில் இருந்தால் கன்டென்ட் ஐடி பெட்டியை டிக் செய்யாதீர்கள். அந்த ஒலி உங்களுக்கு மட்டும் உரியதல்ல, அதே தம்புராவைப் பயன்படுத்திய வேறொருவர் காணொளிமேல் உங்கள் பெயரில் உரிமைக்கோரிக்கை போகும். நிஜத் தம்புராவைப் பத்து நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. மாறாக, உங்கள் தியாகராஜர் கிருதிமேல் வேறு நிறுவனத்தின் கோரிக்கை வந்தால், இயற்றியது பொதுவுடைமை, ஒலிப்பதிவு என்னுடையது என்று இரண்டையும் தெளிவாக எழுதி மறுப்புத் தெரிவியுங்கள்.

படிவங்களைத் தளத்தில் உட்கார்ந்து யோசித்து நிரப்பாதீர்கள். பல தளங்கள் நடுவில் வெளியேற்றிவிடும், தட்டியதெல்லாம் போய்விடும். நோட்பேடில் ஒரு கோப்பு வைத்துக்கொண்டு பாட்டுக்கு ஒரு பத்தியாக எழுதுங்கள்: தலைப்பு தமிழில், அதே தலைப்பு ஆங்கில எழுத்தில், இயற்றியவர் முழுப்பெயர், ராகம், தாளம், மொழி, யார் எந்த வாத்தியம், ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய அடையாள எண்). இயற்றியவர் தெரிந்திருக்கும்போது "மரபு" என்று போடக் கூடாது. ஆங்கில எழுத்துக்கூட்டல் எட்டுப் பாட்டிலும் ஒன்றாக இருக்கட்டும். உங்கள் பெயரை ஒரு இடத்தில் வேறு மாதிரி எழுதினால் இரண்டு கலைஞர் பக்கமாகப் பிரிந்துவிடும். தியாகராஜர் கிருதிக்கு மொழி தெலுங்கு, தமிழ் அல்ல. இதைத் தவறவிடுகிறவர்கள் அதிகம்.

தளத்தில் கோப்பு இழுத்துப் போடும் கட்டம் வந்தால் பயப்பட வேண்டாம். அதற்குள்ளேயே ஒரு பட்டன் ஒளிந்திருக்கும், பி (B) விசையைத் தட்டித் தட்டிப் போனாலோ என்விடிஏ+எஃப்7 பட்டியலில் பார்த்தாலோ கிடைக்கும். பெட்டியில் எழுத்து தட்டினால் பக்கம் தாவுகிறது என்றால் என்விடிஏ+ஸ்பேஸ் அழுத்தி ஃபோகஸ் முறைக்குப் போங்கள். தேதி நாட்காட்டி வாசிக்கவில்லை என்றால் பெரும்பாலும் அந்தப் பெட்டியில் நேரடியாகத் தட்டினால் ஏற்கும். 24 பிட் வேவ் நிமிடத்துக்கு ஏறத்தாழ 16 எம்பி. பத்து நிமிடக் கிருதிகள் எட்டு என்றால் 1.3 ஜிபி, மொபைல் டேட்டாவில் ஏற்றுமுன் கணக்குப் பாருங்கள். என்விடிஏ+யூ அழுத்தினால் பதிவேற்ற முன்னேற்றம் பீப் ஒலியாக வருவதை மாற்றிக்கொள்ளலாம். இதையெல்லாம் பணம் கட்டுமுன் இலவசக் கணக்கில் சோதித்துப் பாருங்கள், குறிப்பாகக் கேப்ச்சா ஒலி வடிவில் இருக்கிறதா என்று.

கட்டண முறையிலும் யோசனை வேண்டும். டிஸ்ட்ரோகிட் போல ஆண்டுச் சந்தா என்றால் அதிகம் வெளியிடுகிறவருக்கு லாபம், ஆனால் சந்தா நின்றால் பாட்டும் இறங்கிவிடலாம். சிடி பேபி போல வெளியீட்டுக்கு ஒருமுறைக் கட்டணம் என்றால் வருமானத்தில் 9 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். ஆண்டுக்கு ஒரு ஆல்பம் போடும் கர்நாடகப் பாடகருக்கு இரண்டாவதுதான் பொருந்தும் என்பது என் கருத்து. எந்தத் தளம் என்றாலும் அவர்கள் தரும் ஐஎஸ்ஆர்சி எண்ணை உங்கள் கோப்பில் எழுதி வையுங்கள். வேறு தளத்துக்கு மாறும்போது அதே எண்ணைக் கொடுத்தால்தான் கேட்பு எண்ணிக்கை தொடரும். அமெரிக்கத் தளங்கள் டபிள்யூ-8பென் வரிப் படிவம் கேட்கும். அதில் வெளிநாட்டு வரி எண் என்ற இடத்தில் பான் எண். இந்திய-அமெரிக்க ஒப்பந்தப்படி அமெரிக்காவிலிருந்து வரும் ராயல்டிக்கு 15 சதவீதம் பிடிப்பார்கள், ஒப்பந்தப் பகுதியை நிரப்பாமல் விட்டால் 30.

ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1000 தடவை கேட்கப்பட்டிருந்தால்தான் பணம் சேரும், 30 விநாடிக்குக் குறைந்த கேட்பு கணக்கில் வராது. வெளியீட்டுத் தேதியை நான்கு வாரம் தள்ளி வையுங்கள். பட்டியல்களுக்குப் பரிந்துரைக்க ஸ்பாட்டிஃபைக்குக் குறைந்தது 7 நாள் முன்பே பாட்டு போயிருக்க வேண்டும்.

அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல், ஜேபெக். படத்தில் தலைப்பும் பெயரும் தவிர வேறு எழுத்து வேண்டாம். தொலைபேசி எண், இணைய முகவரி, விலை, தளங்களின் சின்னம் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். படத்தைப் பி மை ஐஸ் செயலியிலோ சீயிங் ஏஐ-யிலோ காட்டி விவரிக்கச் சொல்லலாம்: முகம் நடுவில் இருக்கிறதா, வெளிச்சம் எப்படி, பின்னால் என்ன. ஆனால் தமிழ் எழுத்துக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். சில வரைகலை மென்பொருள்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும், செயற்கை நுண்ணறிவு வரைந்த படம் என்றால் எழுத்தே வேறாக இருக்கும். விவரிக்கும் செயலி அதைச் சரியென்று ஊகித்து வாசித்துவிடும். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லுங்கள்.

---

தம்புரா_திருச்சி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பேச்சைப் பிரித்ததும் ரீப்பர் ஒழுங்காகிவிட்டது. மிருதங்கத்தைப் பிறகு பதிந்து சேர்த்தபோது ஒவ்வொரு சொல்லும் குரலுக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. வாசித்தவர் காலப்பிரமாணத்தில் குறையே இல்லை. எங்கே பார்ப்பது?

---

ஓசைப்பட்டறை:

அது லேட்டன்சி (ஒலி போய்வரும் தாமதம்) ஈடு சார். 48000-இல் 256 சாம்பிள் என்றால் 5.3 மில்லிவிநாடி, போகவும் வரவும் சேர்த்து இன்னும் கூடும். டிரைவர் தன் தாமதத்தைச் சரியாகச் சொன்னால் ரீப்பர் தானே கழித்துக்கொள்ளும். பொதுவான ஏசியோ டிரைவரோ வாசாபியோ (விண்டோஸின் சொந்த ஒலி முறை) போட்டிருந்தால் சொல்லும் கணக்கு தவறலாம். முதலில் நிறுவனத்தின் டிரைவர்தானா என்று பாருங்கள். பிறகு கன்ட்ரோல்+பி, ரெக்கார்டிங் பக்கத்தில் டிரைவர் சொல்லும் லேட்டன்சியைப் பயன்படுத்து என்பது டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் பிந்தினால் அளந்துவிடலாம். ஹெட்ஃபோனைக் கழற்றி, ஸ்பீக்கர் ஒலியைக் குறைத்து, இன்டர்ஃபேஸின் அவுட்புட் ஒன்றிலிருந்து இன்புட் ஒன்றுக்கு ஒரு கேபிள் போடுங்கள். ஒரு டிராக்கில் கூர்மையான தட்டல் ஒலிக்கோப்பு ஒன்றை வையுங்கள். இரண்டாம் டிராக்கை எஃப்7-இல் தயார் செய்து, எஃப்8 மானிட்டரைக் கண்டிப்பாக ஆஃப் செய்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். மானிட்டர் இருந்தால் ஒலி சுற்றிச் சுற்றி ஊளையிடும். காலக் காட்டியின் அலகைச் சாம்பிளுக்கு மாற்றி, முதல் டிராக்கின் ஐட்டத்தில் டேப் அழுத்தினால் கர்சர் தட்டலின் தொடக்கத்தில் நிற்கும், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் டிராக்கிலும் அப்படியே. இரண்டின் வித்தியாசத்தை ரெக்கார்டிங் பக்கத்தில் இன்புட் மேனுவல் ஆஃப்செட்டில் சாம்பிள் பெட்டியில் தட்டி, திரும்ப ஒருமுறை பதிந்து அளந்து பாருங்கள். வித்தியாசம் பூஜ்யத்துக்கு வந்தால் முடிந்தது. இரண்டு மடங்கானால் மைனஸ் குறியோடு போடுங்கள். சாம்பிள் ரேட்டையோ பிளாக் சைஸையோ மாற்றினால் இந்த எண் மாறும், எனவே எட்டுப் பாட்டு முடியும்வரை இரண்டையும் தொடாதீர்கள்.

ஏற்கெனவே பதிந்த மிருதங்கத்தைத் திரும்ப வாசிக்கச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஐட்டத்தை அதே சாம்பிள் அளவு முன்னால் நகர்த்தினால் போதும், பின்னடைவு முழுவதும் ஒரே அளவில்தான் இருக்கும். பாட்டின் தொடக்கத்தில் சரியாகவும் முடிவில் விலகியும் இருந்தால் அது லேட்டன்சி இல்லை. குரல் ஒரு ரேட்டிலும் மிருதங்கம் வேறு ரேட்டிலும் ஓடியிருக்கும், அல்லது ஒன்று வேறு கருவியில் பதிவானதாக இருக்கும். அப்போது எழுதுங்கள், பார்க்கலாம்.